கண்ணுக்குக் கீழே

சுவரில் அவள் புருஷன் படத்துக்குப் பக்கத்தில், இன்னோர் ஆணியில், மாஸ்க் தொங்கியது.

அதற்கும் பூ வைத்திருந்தாள் மதினி.

மூக்கை மூடும் ரப்பர். பின்னந்தலைக்கு இழுத்துக் கட்டும் வார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று போகிறவர்கள் மாட்டிக்கொள்வது. குழாயும் காற்று ஊதும் பெட்டியும் அவரும் அவளும் இருந்த வீட்டில், கட்டிலடியிலேயே கிடந்தன. மதினிக்கு அவை வேண்டியிருக்கவில்லை.

மதினி அவருடைய அக்கா. அவர் போய் முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும், இரண்டு நாள் தன்னோடு இருக்கட்டும் என்று அவளைக் கோவில்பட்டிக்கு அழைத்து வந்திருந்தாள்.

மத்தியானம் இலை போட்டு உட்கார வைத்து, ரசம் ஊற்றும்போதுதான் மதினி அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"வீக்கமெல்லாம் வத்திருச்சே உனக்கு."

அதற்குப் பிறகு மோர் ஊற்ற மதினி வரவில்லை. மதினியின் மருமகள் வந்தாள்.

அவர் போன ஐந்தாம் நாள் இதே மதினி, அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"யாத்தீ. இப்பிடியா அழுது தீப்ப? கண்ணுக்குக் கீழ கரியை அப்புன மாதிரில்ல இருக்கு."

சொல்லிவிட்டு மார்போடு சேர்த்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அது முதல் தடவை.

அவள் ஒரு சொட்டும் அழுதிருக்கவில்லை.

ரேஷன் கடை வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று வந்து சொன்னபோது அழுகை வரவில்லை. தூக்கிக்கொண்டு போனபோது வரவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீக்கம் மாஸ்க்கினுடையது. மூன்று வருடமாக, தினமும் காலையில் இருக்கிற வீக்கம்.

"பணியாரம் ரெண்டும் வெந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் அவர் காப்பியைக் கொண்டுவருவார். கட்டைவிரலால் கண்ணுக்குக் கீழே ஒற்றிவிடுவார். "வாரை இம்புட்டு இறுக்காதன்னா கேக்கியா?"

அவர் போன பிறகு இன்னும் இறுக்கிக் கட்டினாள். வீடு நிறைய ஆட்கள். அறையைத் தாழ்போட்டுக்கொண்டு மாட்டினாள். உள்ளே அழுகிறாள் என்று யாரும் கதவைத் தட்டவில்லை.

குறட்டை அவளுடையது. மாஸ்க்கும் அவளுடையதுதான் என்பது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லாரும் வரிசையாகப் படுத்திருந்தபோது மதினிதான் முதலில் சிரித்தாள். "தம்பி, ஒம் பொண்டாட்டி லாரி ஓட்டுதாடா." மண்டபமே சிரித்தது. விடியும்வரை அவள் கண்ணை மூடவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்த வாரம் மதினியும் வந்தாள். இது யாருக்கு என்று கேட்டாள்.

"எனக்குத்தாங்க்கா."

கண் இமைக்காமல் சொன்னார். கடைசிவரை அதை மாற்றவில்லை. ஞாயிறுதோறும் மதினி போன் போடுவாள். மாஸ்க் மாட்டுதியாடா என்பாள். மாட்டாமயா என்பார், அவளைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே.

பதினாறாம் நாள் அவர் துணிமணிகளை ஒதுக்கப்போன மதினி, தலையணைக்கடியில் மாஸ்க்கைக் கண்டாள்.

முகத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே நின்றாள்.

"எந்தம்பி வாசம் அப்பிடியே இருக்கு."

உடலை எடுத்த அன்றுகூட மதினி அப்படி அழவில்லை.

ரப்பரில் இருந்தது அவளுடைய முகப்பவுடர். வாரில் இருந்தது அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்.

சொல்ல வாயைத் திறந்தாள்.

"கொண்டு போங்க மதினி."

நாலு நாளில் வீக்கம் வற்றியது. ரப்பர் பதிந்த கறுப்பும் மெல்ல வெளுத்தது. தெருவில் பார்த்தவர்கள் தேறிவிட்டாள் என்றார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கப் பழகியிருந்தாள். படுத்தால் மூச்சு நிற்கும். நின்றால் உலுக்கி எழுப்ப ஆள் இல்லை. வேறு மாஸ்க் வாங்கலாம். வாங்கவில்லை.

இப்போது சாப்பாடு முடிந்து பெண்கள் பாய் விரித்திருந்தார்கள். மதினி படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள்.

தூங்கக் கூடாது என்று அவள் நினைத்தாள். இந்த வீட்டில் கூடாது.

மின்விசிறி சுற்றியது. பூவின் நுனி அசைந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை எழுப்பியது அவள் சத்தம்தான்.

தொண்டை அடைத்து, எதுவும் போகாமல் வராமல் நின்று, பிறகு துணியைக் கிழிப்பதுபோல் ஒரு இழுப்பு. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மதினி மெல்லுவதை விட்டிருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி ஆணியைப் பார்த்தாள்.



மதினி கையை ஊன்றி எழுந்தாள். மாஸ்க்கிலிருந்த பூவை எடுத்துத் தம்பி படத்துப் பூவோடு சேர்த்தாள். வாரை ஆணியிலிருந்து கழற்றினாள்.

இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள்.