மரத்தடியில் ஒரு ஆள்

மிச்சிகன் காட்டில் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டிருந்தது. லோர்னா கேரவன் ஜன்னல் திரையை விலக்கி மறுபடியும் பார்த்தாள். காலையிலிருந்து அந்த ஆள் துப்பாக்கியோடு எதிர் மரத்தடியில் உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நம்ம நாய்ங்க மேலதான் அவனுக்குக் கண்ணு. கிளம்பிடலாம், வெண்டல்.”

“மான் வேட்டை சீசன். துப்பாக்கி இல்லாமலா வருவாங்க?” என்றார் கணவர். ஆனால் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

அந்த ஆள் எழுந்தான். நேராகக் கேரவனை நோக்கி வந்தான். லோர்னா திரையை மூடிவிட்டு, நாய்கள் இரண்டையும் இறுக அணைத்துக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது.

“என்ன வேணும்?” என்றார் வெண்டல், திறக்காமலே.

“காலைல அம்மா பழுப்புக் கோட்டு போட்டுட்டு புதர்கிட்ட குனிஞ்சிருந்தாங்க. மான்னு நெனச்சு குறி வெச்சுட்டேங்க. விசைய அழுத்தப்போறப்ப பக்கத்துல நாய் குரைச்சுது. அப்ப உக்காந்தவன், இப்பதான் எழுந்திரிக்கிறேன்.”

வெண்டல் கதவைத் திறந்தார். வெறுங்கையோடு நின்றவருக்கு எழுபது வயதிருக்கும். தன் ஆரஞ்சு நிற மேல்சட்டையைக் கழற்றி லோர்னாவிடம் நீட்டினார்.

“போட்டுக்குங்கம்மா. இந்த நிறத்துல மான் கெடையாது.”