பாறையில் ஒரு பெயர்

"இந்தாம்மா, மொதல்ல அந்த மூலையில கீற பேரை அழிச்சிடேன். உனக்குப் புண்ணியமாப் போவும்."

குரலைத் தாழ்த்தி, கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டாள் ஆதிலட்சுமி. தேவிப்ரியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேலேர்ந்துதான் வருவோம். ஒவ்வொருத்தர் இஷ்டத்துக்கும் அழிக்க முடியாது. தள்ளி நில்லுங்க."

அதையும் சத்தமாகச் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவிப்ரியா ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுப் பெண். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. லீவு விட்டால் சிநேகிதர்களோடு படவேட்டுச் சாலைக்கு வந்துவிடுவாள். கீழே மெத்தையைப் போட்டுக்கொண்டு, கயிறுகூட இல்லாமல் பஸ் ஸ்டாப் பாறையில் ஏறுவார்கள். சோறு தண்ணி இல்லாமல் பாறையில் தொங்குகிறவர்களைப் பற்றி ஊருக்கு என்ன நல்ல அபிப்பிராயம் இருக்கும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டம் வாளியும் பிரஷ்ஷும் பெயின்ட் கரைக்கிற மருந்துமாக வந்திருந்தது. பாறையில் எழுதியிருப்பதை எல்லாம் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுத்துக்கா பஞ்சம்! கட்சிச் சின்னம், பட்டுக்கடை விளம்பரம், தசரதன் டீக்கடை, காதல் ஜோடிகள். கீழ் மூலையில் சிவப்பு பெயின்ட்டில், 'கலைமகள் ஐ லவ் யூ'.

கலைமகள் ஆதிலட்சுமியின் மகள். பின்னாலேயே சுற்றிய எவனையோ அவள் திட்டி அனுப்ப, அவன் ஆத்திரத்தை இப்படித் தீர்த்துக்கொண்டான். தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைப் படித்தார்கள். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்கள். இன்று சாயங்காலம் பெரணமல்லூரிலிருந்து வேறு இடத்தார் வருகிறார்கள்.

மத்தியானம் ஆதிலட்சுமி மறுபடி வந்து பார்த்தாள். இன்னும் பட்டுக்கடை விளம்பரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

மேலிருந்து குதித்து வந்த தேவிப்ரியா வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள்.

"தொடாதீங்க! எங்க வேலையைக் கெடுக்காதீங்க!"

"நீயும் ஒரு பொண்ணுதானே? உன் பேரு பாறையில ஏறினாத்தான்டி உனக்குத் தெரியும்!"

டீக்கடை தசரதன் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். ஊர் விஷயத்தைக் கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். ஆதிலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கேசரி கிளற வேண்டியிருந்தது.

சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்குப் புருஷன் தருமனோடு ஸ்டாப்புக்கு வந்தவள் நிமிர்ந்து பார்க்கவே பயந்தாள். பார்த்தாள்.

பாறையில் ஒரு எழுத்து இல்லை. அடி முதல் நுனி வரை வெறும் பாறை.

பஸ் நின்றது. இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா முதலில் பார்த்ததே பாறையைத்தான்.

"பாறை இன்னா இவ்ளோ பளிச்சுனு கீது? இன்னா எழுதியிருந்துச்சு இதுல?"

ஆதிலட்சுமி டீக்கடைப் பக்கம் திரும்பினாள். தசரதன் கடையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"இன்னா எழுதியிருந்துச்சா? என் கடை பேருதாம்மா! போன வருசம்தான் ஆளு வெச்சி எழுதினேன். மெட்ராஸ்காரங்க வந்து சுத்தமா அழிச்சிட்டாங்க. ஒரே பேஜாரு!"

அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் தன் கடைப் பெயரைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தான்.

பெண்ணைப் பிடித்துப்போனது. கையோடு பூவும் வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்ட கையோடு ஆதிலட்சுமி டிபன் கேரியர் நிறையக் கேசரியை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினாள். மெத்தைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, மத்தியானம் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று தேவிப்ரியாவின் கையைப் பிடித்தாள். விரல் நுனியெல்லாம் மருந்து பட்டுத் தோல் உரிந்திருந்தது. ஆதிலட்சுமிக்குக் கண் கலங்கியது.

"ஆனா ஒண்ணு. அவ்ளோ கெஞ்சினேனே, அந்த ஒரு பேரை மொதல்ல அழிச்சிருந்தா இன்னாவாம்?"

தேவிப்ரியா டீக்கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன வாரம் நீங்க தேங்கா நாரை வெச்சித் தேச்சிக்கினே அழுதீங்க இல்லக்கா? நான் பாறைக்குப் பின்னாடிதான் இருந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணி இவங்களை எல்லாம் கூட்டியாந்தேன். உங்க பேச்சைக் கேட்டு அழிச்ச மாதிரி தெரியக்கூடாதுன்னுதான் சத்தம் போட்டேன். கோச்சிக்காதீங்க."

"ஒரு பேருக்காவா இம்மாம் பெரிய பாறையையே கழுவினீங்க?"

"பட்டுப்பொடவையில கறை பட்ட எடத்தை மட்டும் கழுவினா, கழுவின எடம் வட்டமாத் தனியாத் தெரியும்க்கா. அதனால எங்க வீட்டுல பொடவை மொத்தத்தையும் நனைச்சிடுவோம்."