நாலு இட்லி

"நாலு இட்லி துன்னுட்டேன் சிஸ்டர். பசி தாங்கல."

கோதண்டம் நைனா இப்டி சொன்னதும் ஆஸ்பத்திரி சிஸ்டர் ரெஜினா தலையில கைய வச்சுகினாங்க. எனக்கு அங்கயே அந்தாள நாலு அறை விடலாமான்னு வந்துச்சு.

பின்ன இன்னாங்க? கிட்னிக்குப் பேரு பதிஞ்சு நாலு வருசமா காத்துகினு கீறாரு. வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ். திருவொத்தியூர் குப்பத்துலேர்ந்து என் ஆட்டோலதான் போக வர. இன்னிக்கு விடிஞ்சதும் போன். 'கிட்னி வந்திருக்கு. பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. கூட ஒரு ஆளோட ஒடனே வாங்க.'

அவருக்கு ஏது ஆளு? சம்சாரம் போய்ச் சேந்துட்டாங்க. புள்ளகுட்டி கெடையாது. லாஞ்சுல கூட கடலுக்குப் போன தோஸ்துங்களும் இப்ப எட்டிப் பாக்கறதில்ல. ஸ்கூல் சவாரிய வுட்டுட்டு நான்தான் வந்தேன்.

ஒரு கிட்னிக்கு ரெண்டு பேரக் கூப்புடுவாங்களாம். மொத ஆளுக்கு எதனா சரிப்படலன்னா ரெண்டாவது ஆளுக்கு. நைனாதான் மொத ஆளு. ரெண்டாவது, எண்ணூர்ப் பொண்ணு மலர். மடியில ரெண்டு வயசுக் கொழந்த. அம்மா, மாமியா, புருசன், அண்ணன், சித்தின்னு கூட ஒரு பஸ்ஸு ஜனம்.

ஃபாரத்துல 'அவசரத்துக்கு யாரக் கூப்புடணும்'னு ஒரு எடம். நைனா என் நம்பரச் சொன்னாரு. அந்தப் பொண்ணுக்கு ஆளாளுக்கு நம்பர் குடுத்து, எடம் பத்தாம ஓரத்துல எழுதுனாங்க. நைனா அதையே பாத்துகினு இருந்தாரு.

மலரோட அம்மா, எங்க காதுல வுழணும்னே சொல்லிச்சு. "அறுவத்தி மூணு வயசு. ஒண்டிக்கட்ட. இவருக்கு எதுக்கு கிட்னி? யார வாழ வெக்கப் போறாரு?"

எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. "அது அவரு வரிசை மா! ஆளு பலம் பாத்தா உசுரு குடுக்கறாங்க?"

நைனா என் கைய அமுக்குனாரு. "வுடு பாய். கொஞ்சம் காத்தாட போய்ட்டு வரேன்."

அப்டிப் போன மனுசன்தான், சட்டையெல்லாம் சாம்பாரோட வந்து நின்னு இட்லிக் கத சொல்றாரு!

டாக்டர் கைய விரிச்சுட்டாரு. "வயித்துல சாப்பாட்ட வச்சுக்கிட்டு மயக்க மருந்து குடுக்க முடியாது பெரியவரே. அது செரிக்கிற வரைக்கும் கிட்னியக் காக்க வைக்க முடியாது."

மலர உள்ள இட்டுகினு போனாங்க. அம்மாக்காரி மேல பாத்துக் கும்புட்டுச்சு. "நல்ல வேள, அந்தாளு சோத்துக்குச் செத்தவனா இருந்தாரு!"

திரும்பி வரச்சொல்ல ஆட்டோல நான் வாய மூடல. "நாலு வருசம் நைனா! நாலு இட்லிக்கு வுட்டுட்டியே, வெக்கமா இல்ல? அடுத்தது எப்ப வருமோ! அதுவரைக்கும் நீ இருப்பியோ மாட்டியோ!"

அவரு சிரிச்சாரு. "திட்டு பாய். என்னத் திட்டறதுக்கு வேற யாரு கீறா?"

அதுக்கப்புறம் எனக்குத் திட்ட மனசு வரல. அவரும் கடலப் பாத்துகினு வந்தாரு.

காசிமேடு தாண்டுனதும், "பாய், கொஞ்சம் ஓரங்கட்டு. பசியில கண்ணு இருட்டிகினு வருது"ன்னாரு.

"இன்னாது, மறுபடியுமா?"

பையிலேர்ந்து ஒரு பொட்டலத்த எடுத்தாரு. கட்டுன நூலு கூட பிரிக்கல. பிரிச்சாரு. உள்ள நாலு இட்லி, முழுசா, சில்லுன்னு ஆறிப்போய்.

நான் வண்டிய ஆஃப் பண்ணேன்.

ரெண்ட எடுத்து என் கையில வச்சாரு.

"ஒண்டியாவே துன்னு துன்னு வெறுத்துப்போச்சு பாய். இன்னிக்கு கூட உக்காந்து துன்னு. சாம்பார்தான் இல்ல. சட்டையில ஊத்திகினேன்."