கை படாத புத்தகம்

"பக்கத்தைப் புரட்டி வாத்தை எண்ணுன்னா இந்தப் புள்ள முழிக்குதே, என்னத்தை நடத்துறீங்க?" பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர், சுலோசனா டீச்சரிடம் எரிந்து விழுந்தார்.

ஒன்றாம் வகுப்பு கன்னியம்மாள் முன்னால் கணக்குப் படப் புத்தகம் பளபளவென்று கிடந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொட்டா ஹெட்மாஸ்டர் அடிப்பாரு சார். நீங்க வர்ற அன்னிக்குத்தான் பீரோவுலேருந்து எடுப்பாரு."

பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. இன்றைக்கு அவர் தொலைந்தார் என்று நினைத்தாள் சுலோசனா.

இன்ஸ்பெக்டர் அட்டையைத் தடவிப் பார்த்தார். "புத்தகம் குடுத்து மூணு வருஷமாச்சு, ஒரு மடிப்பு இல்ல. பாண்டியில மத்த ஸ்கூல்ல எல்லாம் நாசம் பண்ணிட்டாங்க. ஹெட்மாஸ்டர்னா இப்படி இருக்கணும்."

சுலோசனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தை எடுத்துக் கன்னியம்மாள் மடியில் போட்டாள்.

"புரட்டு கண்ணு. கிழிஞ்சா கிழியட்டும்."