இடிபடாத பக்கம்

இடிபட்ட காரின் வலது பின்பக்கத்தில் புதிதாக வைத்த தகட்டைப் பட்டறைக்காரர் மூன்றாவது முறையாகக் கழற்றினார். காரின் சொந்தக்காரி பெஞ்சில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் முடியலையாண்ணே?"

"முழு வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி கதவ மூடிப் பாக்குறேம்மா. மேல இடைவெளி விடுது, கீழ உரசுது. குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே விட்டுப்போச்சு."

"அளவெடுத்துதானே வச்சீங்க?"

"இடிபடாத இடது பக்கத்தப் பாத்துதான் அளவெடுத்தேன்."

சொல்லிக்கொண்டே போய் இடது கதவை மூடினார். அதுவும் மேலே இடைவெளி விட்டது, கீழே உரசியது.

"இந்தப் பக்கமே கோணல். எவனோ ஒரு கத்துக்குட்டி எப்பவோ தகடு மாத்தியிருக்கான். கண்ணக் கட்டிக்கிட்டு வெல்டிங் வச்சானோ என்னவோ. அவனால எனக்கு ரெண்டு நாள் தண்டம்."

அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"ஆறு வருஷமாச்சு, மறந்திருப்பீங்க. அத வச்சதே நீங்கதாண்ணே."

அவர் அளவு டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

"தெரிஞ்சுமா மறுபடி என்கிட்டயே கொண்டு வந்தீங்க?"

"ஒரு பக்கம் நேரா, ஒரு பக்கம் கோணலா இத்தன வருஷம் பாத்துட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா கண்ண உறுத்தாதுல்ல."