ஒரு தரப்பு மட்டும்

"என் பேரை மட்டும் அதுல போட்டே, நடக்கறதே வேற!"

மாமியார் போட்ட சத்தத்தில் மருமகள் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

காலையிலிருந்தே அவளுக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அவள் ஆபீஸில் இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்துவந்தார்கள். இப்போது ப்ரீமியம் தாறுமாறாக ஏறிவிட்டதாம். இனிமேல் பெற்றவர்கள், இல்லாவிட்டால் புகுந்த வீட்டுக்காரர்கள். ஒரு தரப்பு மட்டும். யாரென்று இன்று ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

அவளுடைய அம்மாவுக்கு அடுத்த மாதம் இதய வால்வு ஆபரேஷன். மாமியாருக்குச் சர்க்கரை. போன வருஷம்தான் ஒரு கால்விரலை எடுத்தார்கள். யாரை விடுவது?

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் புருஷனைக் கேட்டால், "நீ எது செஞ்சாலும் சரி" என்று நழுவிவிட்டான். புருஷன்மார்களுக்கு இது கைவந்த கலை.

"ஏன் அத்தை, உங்க பேரைப் போட்டா என்ன?"

"உங்க ஆபீஸ் ஓசிக் கார்டு எனக்கெதுக்கு? என் பொண்ணு எனக்குத் தனியா பாலிசி எடுத்துட்டா. ஏசி ரூம், பெரிய டாக்டர், எல்லாம் உண்டு. சொந்த ரத்தம்னா சும்மாவா!"

சுருக்கென்றது. பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தது யார்? தினமும் கட்டுப் பிரித்துக் காலைத் துடைத்துவிட்டது யார்? அந்தச் சொந்த ரத்தமா? அது அன்றைக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டது.

"அப்ப எங்க அம்மா பேரையே போட்டுடறேன்."

"தாராளமாப் போடு. என்கிட்ட கேட்கவே வேண்டாம்."

வேகமாக அம்மா பேரைத் தட்டி அனுப்பிவிட்டாள். 'இனி அடுத்த ஆண்டுதான் மாற்ற முடியும்' என்று பதில் வந்தது. வரட்டுமே!

ராத்திரிச் சமையலுக்கு அரிசி களையும்போது கோபம் கொஞ்சம் இறங்கியது. என்ன இருந்தாலும் வயசானவர். ஆத்திர அவசரத்துக்குப் பாலிசி நம்பர் கையில் இருக்கட்டுமே என்று நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எந்த பாலிசி அண்ணி?" என்றாள் நாத்தனார். "நம்ம ஊர்ல ஆபீஸ் வச்சிருக்கறதே மூணு இன்சூரன்ஸ் கம்பெனி. ரெண்டு பேர் அம்மா வயசைக் கேட்டதுமே கையை விரிச்சுட்டாங்க. மூணாவது ஆள் சர்க்கரைன்னதும் என் சம்பளத்துல பாதியைக் கேட்டான். நேத்து அம்மாகிட்ட சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு."

மருமகள் அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தை... என்ன சொன்னாங்க?"

"'அசடு, இதுக்குப் போயா அழறே? என் மருமக என் பேரைப் போட்டு எப்பவோ அனுப்பிட்டா'ன்னு அவங்கதானே அண்ணி என்னைத் தேத்தினாங்க!"