இரைப்பு

இறந்துபோன மனைவி ரெஜினாவின் குரல் தேவசகாயத்திடம் ஒரே ஒரு பதிவில்தான் மிச்சமிருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து அவள் பேசி அனுப்பியது. பின்னால் ஒரே வண்டி இரைச்சல். அதை எடுத்துவிடச் சொல்லி ஒலிப்பதிவுக்கூடத்து ரவீனிடம் கொடுத்திருந்தார்.

"கேளுங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு" என்று அவன் ஹெட்போனை மாட்டிவிட்டான்.

"பஸ் ஏறிட்டேன். உலைய வச்சிருங்க. மறந்துட்டுப் பல்லக் காட்டாதீங்க."

குரல் மூச்சே விடாமல் ஓடியது. ரெஜினாவுக்கு ஆஸ்துமா. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நெஞ்சுக்குள் சீழ்க்கையடிக்க மூச்சை இழுத்துத்தான் அடுத்த சொல்லுக்கு வருவாள். இதுவோ கழுவிப் பவுடர் பூசிக் கிடத்திய முகம்போல மழமழவென்று இருந்தது. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, காதை வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தார்.

"அவ இரைப்பு எங்க தம்பி?"

"இரைச்சலத்தான சார் எடுக்கச் சொன்னீங்க?"

"இரைச்சல் வண்டியோடது. இரைப்பு அவளோடது."

"கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வெறும் உஸ்ஸுதான் சார். பழைய பதிவு மேலேயே பதிஞ்சிட்டேன். ஆனா கழிச்ச குப்பை தனியாக் கெடக்கு. ரெண்டையும் சேத்தா பழசு வந்துரும்."

"அந்தக் குப்பையப் போடு."

வண்டிகள் உறுமின. அவற்றுக்கு நடுவே, சொற்கள் இருந்த இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, ரெஜினா இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

"சேத்துரவா சார்?"

"அந்தக் கழுவுன குரலக் கொண்டாந்து இவமேல ஒட்டாத."

அவள் அடுத்த மூச்சுக்கு நின்ற இடத்தில் தேவசகாயம் மெல்லச் சொன்னார்:

"உலைய வச்சிட்டேன்."